காப்பாளர் கையெழுத்து

“நாலு மணிக்குள்ள வேணும்னா, நாலு மணிக்குள்ள வேற மாமனைத் தேடிக்கோ.”

கண்ணாடியில் கறுப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார் நஸ்ருல். அவருக்குப் பின்னால் தங்கை மகள் வில்டா ஒரு கையில் தாளும் ஒரு கையில் பேனாவுமாக நின்றாள். தாளின் அடியில் முத்திரை வில்லை ஒட்டியாகிவிட்டது. வில்லைமேல் பாதியும் தாள்மேல் பாதியுமாக ஒரு கையெழுத்து விழவேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அது ஒன்றுதான் பாக்கி. மதிப்பெண் பட்டியல் இருந்தது, ஆங்கிலத் தேர்வுச் சான்று இருந்தது, காசநோய் இல்லை என்று டாக்டர் எழுதிய தாள் இருந்தது. மூன்று மாதம் அலைந்து வாங்கிய பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் இருந்தது. அதைப் பேராசிரியர் எழுதவில்லை. “நீயே எழுதிக் கொண்டாம்மா, நான் கையெழுத்துப் போடுறேன்” என்றுவிட்டார். தன்னைப் பற்றித் தானே ‘மிகவும் அடக்கமானவர்’ என்று எழுதி முடிப்பதற்குள் வில்டாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

“போன வருஷமும் இதையேதான் மாமா சொன்னீங்க.”

“போன வருஷம் உனக்கு இருபத்தஞ்சு. இப்ப இருபத்தாறு. வயசுதான் ஏறுது, புத்தி ஏறக்காணோம்.”

“நான் என்ன குடும்ப வயலையா கேட்டேன்? கையெழுத்துத்தானே கேட்டேன்!”

“வயலைக் கேட்டாலும் கெடைக்காது. நாலு காரணத்துக்குத்தான் அதை அடகு வைக்கலாம். நடுவீட்டுல பொணம் கெடந்தா, கூரை ஒழுகினா, குடும்பத்துல ஒருத்தனுக்குக் குலத்தலைவன் பட்டம் கட்டணும்னா, வயசுப் பொண்ணுக்குப் புருஷன் அமையலேன்னா. படிப்பு அதுல எங்க இருக்கு, சொல்லு?”

நாலாவது காரணத்துக்காக அந்த வயல் அடகுக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் ஊரான பரியாமானில் மாப்பிள்ளையைச் சும்மா கூட்டிவர முடியாது. விலை கொடுத்துத்தான் அழைத்துவர வேண்டும். மாமனும் மற்றவர்களும் போன வாரமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பகிந்தோ யோந்த்ரி. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவன், முழு உதவித்தொகையோடு. அதனால் கார் கேட்டார்கள். வெறும் பட்டதாரியாக இருந்திருந்தால் பைக்கோடு போயிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோந்த்ரிக்குக் கிடைத்த உதவித்தொகையும் வில்டா விண்ணப்பிக்கிற உதவித்தொகையும் ஒரே கல்வி நிதியுடையவை. அந்த நிதிக்காரர்கள் ஆண்களிடம் ஒப்புதல் கடிதம் கேட்பதில்லை. ஊரைவிட்டுப் போகாத ஆண்பிள்ளையைத்தான் இங்கே கேலி செய்வார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் மட்டும் குடும்பத்திலிருந்து ஒருவர் ‘அனுப்பச் சம்மதம்’ என்று முத்திரை வில்லைமேல் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் அது இல்லாததால்தான் வில்டாவின் விண்ணப்பம் போகவில்லை. இந்த வருடம் கடைசி நாள் இன்று. நாலு மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

நஸ்ருல் கெட்ட மனிதர் அல்ல. வில்டாவின் அப்பா செத்தபோது பள்ளிக்கட்டணம் கட்டியவர் அவர்தான். “நாளைக்கு நீ முப்பதுல தனியா நின்னா, ஊரு உன்னையா கேக்கும்? என்னைத்தான்டி கேக்கும்” என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் பேப்பரை உள்ள வை. முகத்தைக் கழுவு. சிரி.”

வந்தவர்கள் இரண்டு பேர். யோந்த்ரியின் அம்மா எலிதா, எலிதாவின் அண்ணன் அம்ரில். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்கள். எலிதா கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியாக வில்டாவைப் பார்த்தாள். அதே வரிசையில்.

அடுப்படியிலிருந்து வில்டாவின் அம்மா யுஸ்னிதார் சூடான சாலா உருண்டைகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மாவும் கருவாடும் மஞ்சளும் பிசைந்த கை, முழங்கைவரை மஞ்சளாக இருந்தது.

“பொண்ணு என்ன பண்ணுது?” என்றார் அம்ரில், உருண்டையை ஊதிக்கொண்டே.

“பள்ளிக்கூடத்துல டீச்சருங்க. நிரந்தரம் இல்ல. கல்யாணம் ஆனா விட்டுடுவா” என்றார் நஸ்ருல்.

“விடவேணாமே. யோன் மூணு மாசத்துல பிளேன் ஏறிடுவான். ரெண்டு வருஷம் இவ சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறா?” என்று எலிதா சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். “எம்புள்ளை எழுதினதைப் பாத்தீங்களா? அந்த நிதிக்கு அனுப்பினானே, அந்தக் கட்டுரை. நேர்காணல்ல ஒரு அம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்களாம். கேளுங்க, கேளுங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை உரை படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“‘பதினோரு வயதில் மீன் இறங்கும் கரையில் பெண்களோடு உட்கார்ந்து செதில் எடுத்தேன். வருடத்துக்கு வருடம் மீன் சிறியதாகிக்கொண்டே வந்தது. என் கத்தி மட்டும் அதே அளவில் இருந்தது...’”

அம்ரில் புருவத்தைத் தூக்கினார். “யோனா? மீன் செதில் எடுத்தானா? அவனுக்கு மீன் வாசனையே ஆகாதே!”

“சின்னப் புள்ளையில எடுத்திருப்பான். நீங்க சும்மா இருங்கண்ணே.”

வில்டா தேநீர்க் கோப்பைகளோடு நடு அறையில் நின்றுவிட்டாள். போன வருடம் ஜனவரியில், விண்ணப்பம் போடுகிறவர்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றில் அவள் தன் கட்டுரையைப் போட்டிருந்தாள், திருத்தம் சொல்லுங்கள் என்று. இருநூறு பேர் இருந்த குழு. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒருவர் கட்டைவிரல் போட்டார். பிறகு அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள்.

எலிதா மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் வில்டா சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே:

“‘ஏன் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வாலைப் பிடி என்றார்கள்.’”

எலிதா செல்போனைப் பார்த்தாள். அடுத்த வரி அதுதான்.

“‘பதினான்கு வருடமாக வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மீனிடமே கேட்கப் போகிறேன்.’ இன்னும் சொல்லவா அத்தை? அது நான் எழுதினது. அந்தக் கத்தி இன்னும் அடுப்படியில கெடக்கு.”

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

முதலில் அசைந்தவர் நஸ்ருல். “பையனைக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார். குரலில் ஒரு கடுமை இருந்தது. வில்டா தட்டைக் கீழே வைத்தாள். மாமா தனக்காகப் பேசப்போகிறார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

யோந்த்ரி எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான், பயந்தவன் சிரிப்பதுபோல. “அய்யோ, அது அந்த குரூப்ல சும்மா கெடந்துச்சு மாமா. மாதிரிக் கட்டுரைன்னு நெனச்சேன். எல்லாரும்தான் எடுக்குறாங்க. மத்ததெல்லாம் நானே எழுதினேன். பேரு, ஊரு, எல்லாம்.”

போன் அணைந்தது. நஸ்ருல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அம்ரிலை நேராகப் பார்த்தார்.

“அப்ப, அம்ரில் அண்ணே. இந்தப் படிப்புக்குப் பாதிச் சொந்தக்காரி எங்க பொண்ணு. எங்க சரக்கை எங்ககிட்டயே விக்கலாமா? காருன்னு இனிமே பேசாதீங்க.”

அம்ரில் தாடையைத் தடவினார். “அதுக்காக ஒண்ணுமில்லாம அனுப்ப முடியுமா? பையன் காலேஜ் அனுமதிக் கடிதம் கையில வச்சிருக்கான்ல.”

“பைக்.”

“புது பைக்.”

“புதுசுதான். சிவப்புக் கலர் வேணுமா, அதையும் சொல்லிடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எலிதாவும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். “பாத்தியா, உனக்குத்தான் லாபம், மருமகளே! இனிமே அவன் பாடத்தையும் நீயே எழுதிக் குடுத்துடலாம்” என்று வில்டாவின் கன்னத்தைத் தட்டினாள். உருண்டைகள் தீர்ந்தன. இன்னொரு தட்டு வந்தது, அதுவும் தீர்ந்தது. போகும்போது இரண்டு மாமன்களும் இரண்டு கைகளாலும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நஸ்ருல் அவர்களோடு காரில் ஏறிப்போனார், கடைவீதியில் பைக் விலை கேட்டுவிட்டு வர.

மணி மூன்று பத்து.

யுஸ்னிதார் தட்டுகளை அடுக்கினாள். இவ்வளவு நேரமும் அவள் வாய் திறக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று மகளைப் பார்த்தாள். வில்டா நடு அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், செதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல.

“அந்தத் தாளைக் கொண்டா.”

“எதுக்கும்மா?”

“கொண்டான்னா கொண்டாயேன்.”

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலை வரியின்மேல் நகர்த்திப் படித்தாள். “‘தந்தை, தாய் அல்லது காப்பாளர்.’ தாய்னு போட்டிருக்கு.”

வில்டா நிமிர்ந்தாள். இரண்டு வருடமாக அந்தத் தாள் அவளிடம் இருந்தது. எத்தனை முறை படித்திருப்பாள்! ஒவ்வொரு முறையும் அவள் கண் ‘காப்பாளர்’ என்ற இடத்தில்தான் போய் நின்றது. வீடு அம்மா பெயரில், வயல் அம்மா வழியில், அவளே அம்மாவின் குலத்துப் பெண். ஆனால் கையெழுத்து என்றால் மாமன். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவைப்படவில்லை.

“எனக்குத் தோணவே இல்லம்மா.”

“எனக்குத் தோணிச்சு.” யுஸ்னிதார் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போன வருஷமே படிச்சேன். மேசைமேல வச்சிட்டுக் குளிக்கப் போயிருந்தே. அண்ணன் கோவிச்சுக்குவாருன்னு பேசாம இருந்துட்டேன்.”

வில்டா பேனாவை அம்மாவிடம் நீட்டினாள். போன வருடம் இந்தக் கை கொஞ்சம் அசைந்திருந்தால், அந்தக் கட்டுரை அவள் பெயரில்தான் முதலில் போயிருக்கும்.

யுஸ்னிதார் பேனாவை வாங்கினாள். முத்திரை வில்லையில் பாதி, தாளில் பாதி, கோணல் மாணலாகத் தன் பெயரை எழுதினாள். தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் அச்சு ஓரத்தில் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. பதறித் துடைத்தாள். அது இன்னும் பரவியது.

“கெட்டுப்போச்சாடி?”

“இல்லம்மா. போதும்.”

செல்போனில் படம் பிடித்து, மடிக்கணினியில் ஏற்றினாள். ஒவ்வொன்றாகப் பச்சைக் குறி விழுந்தது. மதிப்பெண், பச்சை. காசநோய், பச்சை. ஒப்புதல் கடிதம், மஞ்சள் கறையோடு பச்சை. கடைசியாகக் கட்டுரை. அதன் மேலே சிவப்பு எழுத்தில் இரண்டு வரி இருந்தது. முன்பு வந்த கட்டுரைகளோடு ஒப்பிடப்படும். நகல் என்று தெரிந்தால் விண்ணப்பதாரருக்கு வாழ்நாள் தடை.

முன்பு வந்த கட்டுரை யோந்த்ரியுடையது. பிந்தி வருகிற அவளுடையதுதான் நகல்.

மணி மூன்று முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிடத்தில் வேறு கட்டுரை எழுதலாம். அவள் கெட்டிக்காரி, எழுதிவிடுவாள். வகுப்பறை, மாணவர்கள், நாட்டுக்குச் சேவை என்று நாலு பத்தி ஓட்டலாம். புதுப் பக்கத்தைத் திறந்தாள். ‘சிறுவயது முதலே’ என்று தொடங்கினாள். நிறுத்தினாள். அம்மா பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திடுடி. வம்பு வேணாம்.”

“மாத்தினா, அது அவனுதுன்னு நானே எழுதிக் குடுத்தமாதிரி ஆயிடும்மா.”

பழைய கட்டுரையையே ஏற்றினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதன் கீழே ‘கூடுதல் குறிப்பு’ என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் எழுதினாள்:

‘இந்தக் கட்டுரை போன வருடமே வேறு பெயரில் உங்களிடம் வந்திருக்கிறது. எங்கள் இருவரையும் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு மீனும் கத்தியும் கொடுங்கள். செதிலை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று கேளுங்கள்.’

மூன்று ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினாள். திரை ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு ‘பெறப்பட்டது’ என்று வந்தது. அதே நேரத்தில் வாசலில் புது பைக் ஒன்றின் ஹாரன் சத்தம் கேட்டது. நஸ்ருல் ஓட்டிப் பார்க்க வாங்கி வந்திருக்கிறார். சிவப்பு.

பதில் வர ஆறு வாரம் ஆகும். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் கழித்து நாள் குறித்திருக்கிறார்கள். எங்கோ ஒரு அலுவலகத்தில், குளிர்சாதன அறையில், வாழ்நாளில் ஒரு மீனைக்கூடத் தொட்டிராத யாரோ ஒருவர் அந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார். ஒன்றில் தேதி முந்தியது. இன்னொன்றோடு வந்த ஒப்புதல் கடிதத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. அவர் அந்த இரண்டு மீனையும் வாங்கிவரச் சொல்வார் என்று நினைக்கிறீர்களா?