ஆறாம் நாள் முகம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கஞ்சா என்ற சொல் முதன்முதலாக விழுந்தது கந்தசஷ்டி தொடங்கிய அன்றுதான். விழுத்தியவள் என் மகள் ஹரிஷா. அவளுக்கு எப்போதுமே நேரம் பார்த்துக் கதைக்கத் தெரியாது. அவளுடைய அப்பா காலையில் தலைக்குக் குளித்து, கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து, ஆறு நாளும் தண்ணீரும் இரவில் ஒரு கோப்பைப் பாலும் போதுமென்று உட்கார்ந்திருக்கிறார். இவள் தன் கடைசி வருடப் படம் கஞ்சாவைப் பற்றிய சிரிப்புப் படம் என்கிறாள்.

என் வீட்டுக்காரர் கனகரத்தினம், சுவிஸில் நாங்கள் இருக்கிற பீல் நகரத்தில், கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, தும்மினால் காணாமல் போகிற ஆணிகளைப் பூட்டுகிற வேலை. விரதத்தில் கை நடுங்கும் என்பதால் வருடாவருடம் அந்தக் கிழமைக்கு லீவு எடுப்பார். மனைவியோடு கடற்கரைக்குப் போக அவர் லீவு எடுத்து நான் கண்டதில்லை, முருகனுக்கு மட்டும் தவறாது. கோயில் நிர்வாகசபையிலும் இருக்கிறார்.

கஞ்சா என்றால் அவருக்கு யாழ்ப்பாணப் பத்திரிகையில் கடற்கரையில் மூட்டையோடு பிடிபடுகிற சாமான். அதன் மயக்கம் தராத வகையை இந்த நாட்டில் சட்டப்படி மூலைக்கடையில் சூயிங்கத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்களே என்று ஹரிஷா சொன்னாள். இனிமேல் அந்தக் கடையில் பால் வாங்க வேண்டாம் என்று எனக்கு உத்தரவு வந்தது.

அவருடைய முகம் இருண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹரிஷா படக் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு வங்கியில் தொழில் பழகியவள். மார்ச் மாதம் முதல் நிரந்தர வேலைக்கு வரச்சொல்லி அந்த வங்கி கேட்டிருந்தது. அப்பாவும் மகளும் கோடையில் ஓர் ஒப்பந்தம் செய்து கைகுலுக்கியிருந்தார்கள். கடைசிப் படம் அரங்கில் ஓடிச் சனம் சிரித்தால் படத்துறை, சிரிக்காவிட்டால் வங்கி. எதைப் பற்றிய சிரிப்பு என்று அவள் அப்போது சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கதை இதுதான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறை. தன் முறைக்கு உடுப்புத் தோய்க்க வருகிறார் ஒரு தமிழ் ஐயா. பக்கத்து வீட்டுச் சுவிஸ் பெடியன் அங்கே ஒளித்திருந்து கஞ்சா புகைக்கிறான். கதவு பூட்டிக்கொள்கிறது. புகை முழுவதும் ஐயாவின் மூக்குக்குள் போகிறது. கஞ்சா ஏறினால் பசி பிடிக்குமாம், வெளியே வந்த இருவருக்கும் அகோரப் பசி. மிச்சப் படம் முழுவதும் அவர்கள் சாப்பிடுவார்கள்.

பெடியன் வேடத்துக்குக் கூடப் படிக்கும் பியேர் இருந்தான். ஐயா வேடத்துக்கு அவள் பிடித்தது சந்திரகுமார் அண்ணையை. எங்கள் ஒன்றுகூடல் நாடகங்களில் குடிகாரன் வந்தால் அது அவர்தான். தூணோடு சண்டை பிடிப்பார், இல்லாத நாயைத் துரத்துவார், அவர் மேடையில் கால் வைக்குமுன்னே சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஹரிஷாவுக்கு வேண்டியது குடிகாரன் அல்ல. அதை விளங்கப்படுத்த எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருக்கு இரண்டு மூன்று அமெரிக்கப் படங்களைப் போட்டுக் காட்டினாள்.

மரக்கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸைப் பொரித்துக்கொண்டே நானும் பார்த்தேன். எனக்கு இங்கிலிஷ் அரைகுறை. இந்தப் படங்களுக்கு அதுவே அதிகம். இரண்டு பேர் சோபாவில் இருக்கிறார்கள். பாண் வாங்கப் போவோமா என்று ஒருவன் கேட்கிறான், போவோம் என்கிறான் மற்றவன். இருவரும் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்கிறான். நான் அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

இப்படிப்பட்ட படங்கள் ஐம்பது வருடமாக வருகின்றனவாம். பெடியள் வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்களாம், படம் போட்ட சட்டை போடுவார்களாம். அதுவரை கஞ்சாக்காரன் என்றால் கதவைப் பூட்டுகிற சனம், பொரித்த உருளைக்கிழங்கை ரசித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்த பிறகு எப்படிப் பயப்படும் என்று கேட்டாள் ஹரிஷா. தமிழில் தான் கண்டதெல்லாம் குடிகாரன்தான், அவன் விழவேண்டும், கத்தவேண்டும், மனைவிக்கு அடிக்கவேண்டும், கடைசியில் அழவேண்டும், சும்மா இருந்து வெட்கத்தோடு சிரிக்கிற ஒருவனைத் தமிழில் எடுக்க ஆசை என்றாள். எனக்கு அது நல்ல ஆசையாகத்தான் பட்டது. இளம் வயதில் எங்கள் ஒழுங்கையில் நான் பார்த்துப் பயந்த குடிகாரர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல.

சந்திரகுமார் அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படப்பிடிப்புக்குப் போனதும் சலவை இயந்திரத்தோடு சண்டை பிடித்தார். அமைதியாக இருங்கள் மாமா என்று கெஞ்சினால் விக்கல் எடுத்தார். ஒருவரும் விழாமல் சனம் எப்படிச் சிரிக்கும் என்பது அவருடைய கேள்வி. எடுத்த காட்சிகளைப் பார்த்த ஆசிரியை, இந்த ஆள் வேறு படத்தில் இருக்கிறார், இதை மாற்றாவிட்டால் அரங்குக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கமெராவையும் அந்தக் கிழமையோடு கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விரதத்தின் ஐந்தாம் நாள் பின்னேரம். முதியோர் இல்லச் சமையலறையில் என் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், இவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறார். கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். சும்மா பார்க்கிறேன் என்றார், ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் இளைப்பாறி. பிறகு ஓட்டை போட்ட சீஸ் துண்டை எடுத்தார். மெதுவாகத் தடவினார். ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு மெல்ல மெல்ல ஏறி வந்தது.

"இஞ்சை இருந்த சீஸை ஆர் சாப்பிட்டது?" என்று ஓட்டையைக் காட்டிக் கேட்டார்.

நான் திரும்பினேன். வாசலில் ஹரிஷா நின்றாள். படம் போச்சு என்று சொல்ல வந்தவள். தோளிலிருந்து கமெராப் பை நழுவுவதுகூடத் தெரியாமல், கோயிலில் திரை விலகும்போது பார்ப்பது போல அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திரகுமார் அண்ணைக்குப் பதிலாக நடிக்கச் சொல்லி அவள் கேட்டது அவருக்கு விளங்கவே நேரம் எடுத்தது. முருகனுக்கு விரதம் இருக்கிறவனைக் கஞ்சாக்காரனாக நடிக்கச் சொல்கிறாயோ என்றார். கோபப்படுவதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை. அப்போதுதான் ஹரிஷா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் என்னத்தை நேர்ந்து இந்த விரதம் இருக்கிறியள்?"

விரதத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார். எனக்கு ஓரளவு சந்தேகம் இருந்தது. ஏதாவது ஒரு சட்டியைக் கீழே போட்டுப் பேச்சை மாற்றுவோமா என்று தேடினேன்.

"நீ படத்தை விட்டிட்டு வங்கிக்குப் போகவேணும் எண்டு," என்றார்.

ஹரிஷா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப முருகன் தந்திட்டார் அப்பா," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய் வயர்களைச் சுருட்டத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடந்து சொந்தப் பிள்ளைக்கு எதிராக நேர்த்தி வைக்கிற மனிசனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் கதவை அடித்துச் சாத்தினேன். உள்ளே முட்டைகள் கலகலத்தன.

இவர் கையிலிருந்த சீஸை மேசையில் வைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மகளின் அறை வாசலுக்குப் போனார். மேசையில் மடிக்கணினி திறந்து கிடந்தது, சந்திரகுமார் அண்ணை சலவை இயந்திரத்துக்குக் குத்து விட்டுக்கொண்டிருந்தார். இவர் அதை முழுவதும் பார்த்தார். சிரிக்கவில்லை. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு வயர் சுருட்டுவதையும் பார்த்தார். சுருட்டிய வயரையே அவள் அவிழ்த்துத் திரும்பவும் சுருட்டினாள்.

"சந்திரகுமாருக்குப் பசியில்லை. பசிக்கிறவன் சத்தம் போடமாட்டான்," என்றார். திரும்பி இரண்டடி வைத்துவிட்டு நின்றார். "நாளைக்கு ஆறாம் நாள். முகம் இன்னும் நல்லாய் வரும்."

நான் கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்தத் துணி கரித்துணி என்பது பிறகுதான் தெரிந்தது.

நிபந்தனைகள் வந்தன. ஒரு வாய் சாப்பிட மாட்டார். பொய்ப் புகைகூட வாயில் வைக்க மாட்டார். பின்னேரம் கோயிலில் சூரன்போர், அதற்கு முன்னர் முடியவேண்டும். படத்தில் பாதி ஐயா சாப்பிடுவதுதான் என்பதால் ஹரிஷா இரவிரவாகக் கதையை மாற்றினாள். இப்போது ஐயாவால் கடைசிவரை ஒன்றும் சாப்பிட முடியாது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகும்போது தொலைபேசி அடிக்கும். அழைப்பு மணி அடிக்கும். சலவை அறைக் கதவுத் திறப்பைக் கேட்டு மேல்மாடி மனுசி வருவாள். அதற்குள் பியேர் எல்லாவற்றையும் தின்று முடிப்பான்.

மறுநாள் சலவை அறைப் புகைக்குச் சாம்பிராணி போட்டோம். நான் ரோல்ஸ், கட்லட், பிட்டு என்று மேசையை நிரப்பினேன். இவர் நடித்தார் என்று சொன்னால் அது பொய். ரோல்ஸைப் பார்த்தார், அவ்வளவுதான். அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், சுகம் விசாரிப்பது போலத் தலையை ஆட்டினார். தொலைபேசி அடித்ததும் அதைத் தட்டில் திரும்ப வைத்து, ஆறிவிடக்கூடாதென்று சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியால் மூடினார். அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பியேர் சாப்பிட்டுச் சாப்பிட்டு மதியத்தோடு சுவரில் சாய்ந்துவிட்டான். இவர் முகம் கழுவி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போய்விட்டார்.

தைப்பொங்கல் கழிந்து பீல் சினிமா அரங்கில் படம் ஓடியது. கல்லூரிப் பெடியள் பின்வரிசைகளில். எங்களுக்கு முன்வரிசையில் கோயில் தலைவர் இராஜேந்திரனும் மனைவியும். அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வெளிச்சம் அணைந்ததும் இவர் என் கையைப் பிடித்தார். பொது இடத்தில் அப்படிப் பிடிக்கிற ஆள் அல்ல.

முதல் நிமிடங்களில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த வங்கியின் கண்ணாடிக் கதவு கண்ணுக்குள் வந்தது. திரையில் ஐயா சீஸ் ஓட்டைக்குள்ளால் பார்த்து, இதை யார் சாப்பிட்டது என்று கேட்டார். பின்வரிசை வெடித்தது. அவர்களுக்கு இப்படிப்பட்ட ஆளைச் சின்ன வயதிலிருந்தே படங்களில் தெரியும். எங்கள் சனத்துக்கு வேறொரு ஆளைத் தெரியும். ரோல்ஸை லேஞ்சியால் மூடினபோது இராஜேந்திரன் அண்ணையின் தோள்கள் குலுங்குவதைக் கண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"கனகண்ணை, உது ஆறாம் நாள் முகமெல்லோ?"

"ஓம்," என்றார் இவர்.

"நானும் உப்பிடித்தான் நிண்டனான். மனுசி படம் எடுக்கேல்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரிக்கத் தொடங்கினார்.

படத்தின் கடைசியில் மூன்று மொழிகளில் எழுத்து ஓடியது. ஐயாவாக நடித்தவர் படப்பிடிப்பில் எதையும் புகைக்கவில்லை, ஒரு வாய்கூடச் சாப்பிடவுமில்லை, ஆறாம் நாள் விரதத்தோடு மகளுக்காக வந்து நின்றார். அதற்குத்தான் அரங்கு எழும்பிக் கைதட்டியது. ஹரிஷா மேடை ஓரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பஸ் தரிப்பிடத்தில் நல்ல குளிர். நான் ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்த ரோல்ஸில் ஒன்றை ஹரிஷா எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். அவர் அதை முதலில் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு கடித்தார்.

"திங்கக்கிழமை வங்கிக்குப் போன் எடுத்து, வரேல்லை எண்டு சொல்லு பிள்ளை," என்றார் மென்றுகொண்டே. "என்ரை டொச் பாசை அவைக்கு விளங்காது. இல்லாட்டில் நானே சொல்லுவன்."

ஹரிஷா அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். எனக்குச் சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த சஷ்டிக்கு முருகனிடம் என்னத்தைக் கேட்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் இன்னொரு ரோல்ஸுக்குக் கை நீட்டினார்.

"அடுத்த படத்திலையாவது ஐயாவுக்குச் சாப்பாடு குடுக்கவேணும் எண்டு."