காயாத பூச்சு

மூலைமுடுக்கு விடாமல் பூசுவதில் பெயிண்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த மிதப்பில், ஆறு வயது மகளுக்குப் பல் தேய்த்துவிடும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கடைவாய்ப் பல்லின் பின்பக்கம்வரை பிரஷ் போய்வரும். முடிந்ததும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைப்பார். நுரையின் வாசனைகூட மிஞ்சக் கூடாது.

அப்படியிருந்தும் கடைவாயில் ஒரு கரும்புள்ளி. பல் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, ஆரம்பம்தான். நல்லாத்தான் தேய்க்கிறீங்க. ஆனா நுரையைத் துப்பினா போதும், தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட் கொஞ்சம் பல்லுல தங்கினாத்தான் சொத்தை வராம காக்கும்."

பெயிண்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாயைக் கழுவாம புள்ளையைத் தூங்க வைக்கணுமாம்! நல்லா இருக்கு வைத்தியம்!" என்று வீடு வந்து சேரும்வரை மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

அன்று படுக்கப் போகுமுன் பல் தேய்த்துவிட்டு, வழக்கம்போல டம்ளரை நீட்டினார். மகள் நுரையைத் துப்பினாள். தண்ணீரைத் தொடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, நீ பெயிண்ட் அடிச்ச உடனே அந்தச் சுவத்துல யாராவது தண்ணிய ஊத்தினா என்ன பண்ணுவே?"

"ஊத்தின கையை ஒடிச்சிருவேன்!"

சமையலறையில் மனைவி சிரிப்பது கேட்டது. அதன் பிறகுதான் பெயிண்டர் டம்ளர் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். அந்தத் தண்ணீரைத் தானே குடித்து முடித்தார்.