வாதியின் பெயர் பெர்னிஸ்

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் கூட்டம் முட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தடித்த பனிக்கோட்டு போட்ட ஓர் ஆள் வரிசையில் நின்று வந்து, "எல்மா ராவ்டியோ நீங்கதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். மாவுக் கையைத் துடைப்பதற்குள் அதில் ஓர் உறையைத் திணித்துவிட்டு, "உங்க கையிலயே குடுத்தாச்சு" என்றான். பிறகு, வந்த வேலை முடிந்த நிம்மதியில், மாவுக்குள் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து நிதானமாகத் தின்றான்.

கூட்டம் குறைந்தபின் எல்மா உறையைப் பிரித்தாள். தலைப்பில் 'ட்ரெகியர் எதிர் ராவ்டியோ' என்று இருந்தது. வாதி: பெர்னிஸ் ட்ரெகியர், அவர் சார்பில் மகன் கிரெய்க் ட்ரெகியர். பிரதிவாதி: எல்மா ராவ்டியோ. இருபத்தோரு நாளுக்குள் பதில் தாக்கல் செய்யவேண்டும், தவறினால் வாதி கேட்டபடியே தீர்ப்பாகலாம் என்று கீழே கொட்டை எழுத்தில் இருந்தது.

மூன்று தரம் படித்தும் மற்ற எதுவும் மண்டையில் ஏறவில்லை. பெர்னிஸின் பெயரும் தன் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. கடைப் பலகையில் இருபத்தாறு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. நடுவில் இப்படி ஒரு 'எதிர்' முளைத்ததுதான் புதிது.

மிச்சிகனின் அந்த வடகோடியில், செப்புச் சுரங்கம் மூடிப்போன ஊரில், இரண்டு பேரும் பாதிப் பாதியாகச் சேர்ந்து நடத்திய கடை அது. பெர்னிஸ் கார்ன்வால்காரர்களின் வம்சம், எல்மா ஃபின்லாந்துக்காரர்களின் வம்சம். பாஸ்டிக்குள் கேரட் போடலாமா கூடாதா என்று இரண்டு பேரும் போடாத சண்டை கிடையாது. போன வருடம் ஆகஸ்டில் பெர்னிஸுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து ஏரிக்கரையில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணிக்கு எல்மா அங்கே போய்விடுவாள்.

வழக்கு, போன வருடம் அக்டோபரில் பெர்னிஸ் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றியது. தன் பாதிப் பங்கை எல்மாவுக்குக் கொடுத்துவிடுவதாக ஒரு தாளில் எழுதி, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்தி எல்மா அதை வாங்கிக்கொண்டாள் என்பது கிரெய்க்கின் புகார்.

எல்மாவின் தம்பி ஆர்வோ, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன், அன்று மாலையே வந்துவிட்டான்.

"வக்கீலைப் பிடி, எல்மா. நாளைக்கே."

"எனக்கெதுக்கு வக்கீலு? பெர்னிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா அவளே சொல்லிடுவா."

"பேப்பரைப் படிச்சியா இல்லையா? கேஸ் போட்டிருக்கிறதே அவதான்."

மறுநாள் எல்மா ஊரில் இருந்த ஒரே வக்கீலுக்குப் போன் செய்தாள். வரவேற்பிலிருந்த பெண் முதலில் இரண்டு தரப்புப் பெயர்களையும் கேட்டாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போய், திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"மன்னிக்கணும் மிஸஸ் ராவ்டியோ. எங்களால இதை எடுக்க முடியாது."

"ஏன்?"

"அதையும் சொல்ல முடியாதுங்க."

ஆர்வோவுக்குப் புரிந்துவிட்டது. "கிரெய்க் முந்திக்கிட்டான். அந்தாளு அவன் பக்கம்." அந்த வக்கீலின் மகள் கல்யாணத்துக்கு இருநூறு பாஸ்டி சுட்டுக் கொடுத்தது எல்மாதான்.

அடுத்த ஊரில் இரண்டு பேர். ஒருவர் குடும்ப வழக்குகள் மட்டும்தான் எடுப்பாராம். இன்னொருவர் ஜனவரிவரை ஃபுளோரிடாவில். ஒன்பதாவது நாளில், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயண தூரத்தில் நடீன் கரோன் என்ற வக்கீல் கிடைத்தாள். அவள் அலுவலகத்தில் டோட் என்ற குமாஸ்தா போனில் சொல்லச் சொல்ல எல்மா மாவுப் பையின் முதுகில் குறித்துக்கொண்டாள். எல்லாக் காகிதங்களையும் அசலாகக் கொண்டுவர வேண்டும். நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதவேண்டும். எதையும் கிழிக்கவோ அழிக்கவோ கூடாது. யாரிடமும் இதைப் பற்றிப் பேசக்கூடாது.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதில் ஒன்பது பக்கம் வந்தது. ஆர்வோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான்.

"அடுப்பு வாங்கினது, அடுப்பு ரிப்பேரானது, பெர்னிஸ் புருஷன் மீன்பிடிக்கப் போய் கால் உடைஞ்சது... எல்மா, நீ கேஸுக்கு வர்றதுக்குள்ள அந்த வக்கீலம்மா ரிட்டையர் ஆயிடுவாங்க."

"எல்லாமே முக்கியம்தான்டா."

"உனக்கு முக்கியம். ஜட்ஜுக்கு?"

அடித்து அடித்து ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். கடைசியில் மிஞ்சியது பதினோரு வரி. அதில் 'அக்டோபர் 9, பெர்னிஸ் கையெழுத்திட்டார்' என்ற வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருக்க, ஆர்வோ காரை ஓட்டினான். நடீன் கரோனுக்கு நாற்பது வயது இருக்கும். ஸ்கர்ட்டுக்குக் கீழே பனி பூட்ஸ் போட்டிருந்தாள். ஆர்வோவும் உள்ளே வரப்போனபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க வெளியே இருக்கணும் சார். மூணாவது ஆள் கூட இருந்தா, இவங்க எங்கிட்ட சொல்ற ரகசியத்துக்குப் பாதுகாப்பு போயிடும்."

"நான் தம்பிங்க."

"அதனாலதான் உங்களை நாளைக்குச் சாட்சியாக் கூப்பிடுவாங்க."

ஆர்வோ தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான். எல்மா பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

நடீன் அந்தப் பதினோரு வரியை இரண்டு தரம் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. இப்ப அந்த ஒன்பதாந்தேதியைச் சொல்லுங்க. இந்தத் தாளை எழுதினது யாரு?"

"நான்தான். அவ சொன்னா, நான் எழுதினேன். வலது கை வரலையே அவளுக்கு."

"தாளும் பேனாவும்?"

"என் பையில இருந்தது."

"யார் யார் இருந்தாங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தா."

"வக்கீலையோ நோட்டரியையோ கூப்பிடணும்னு தோணலையா?"

"அவதாங்க அவசரப்பட்டா. 'கிரெய்க் கைக்குப் போச்சுன்னா மறுநாளே வித்து, பனியில ஓட்டி விளையாட ஸ்னோமொபைல் வாங்கிடுவான், எழுதுடி'ன்னா. சிரிச்சோம்கூட."

நடீன் சிரிக்கவில்லை. மஞ்சள் தாளில் குறித்துக்கொண்டே இருந்தாள். எல்மா சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் வேறொருத்தி செய்த திருட்டைப் போல அவள் காதிலேயே விழுந்தது.

"அன்னைக்கு பெர்னிஸ் தெளிவா இருந்தாங்களா?"

"தெளிவாத்தான் இருந்தா."

"முழுக்க?"

வெளியே பனி வாரும் வண்டி ஒன்று தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.

"ஒரு தடவை என்னை மேபல்னு கூப்பிட்டா. அவ அக்கா பேரு. செத்து ரொம்ப வருஷமாச்சு. உடனே சரி பண்ணிக்கிட்டா. உடனே."

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல. எழுதவும் இல்ல."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா சத்தியம் வாங்கிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டா, நீங்க மறைக்கக்கூடாது. மறைக்கச் சொல்லி நானும் சொல்லமாட்டேன்."

"கேட்பாங்களா?"

"முதல்ல கேக்குறதே அதைத்தான்."

ஜெயிப்போமா என்று எல்மா கேட்டாள். அப்படிச் சொல்கிற வக்கீலை நம்பவேண்டாம் என்றாள் நடீன். எழுதியவளும் லாபம் அடைந்தவளும் ஒருத்தியாக இருந்தால் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடுதான் தொடங்கும் என்றாள். பிறகு வக்கீல் ஒப்பந்தத்தை நீட்டி, முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எல்மா ஒரு எழுத்து விடாமல் படித்தாள், கையெழுத்திட்டாள்.

"இன்னும் ஒண்ணு. வழக்கு முடியறவரைக்கும் பெர்னிஸைப் போய்ப் பார்க்காதீங்க."

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போறேன். கேஸைப் பத்தி அவகிட்ட வாயே திறக்கல."

"ஞாயித்துக்கிழமையும் வேண்டாம். போனும் வேண்டாம். சாப்பாடு குடுத்தனுப்புறதும் வேண்டாம். மறுபடியும் மனசை மாத்தப் பார்க்குறாங்கன்னு மனு போட்டா, என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

"நான் வரலைன்னா அவ என்ன நினைப்பா?"

நடீன் பேனாவை மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டே கால் மணிக்கு எல்மாவின் வீட்டுப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தாள், இல்லத்து எண். அடித்து ஓய்ந்து, பதிவு இயந்திரத்தில் பெர்னிஸின் குழறிய குரல் வந்தது.

"எங்கடி இருக்க? கார் ஸ்டார்ட் ஆகலையா? நான் கோட்டைப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கேன். இவளுங்க கழட்டு கழட்டுங்கறாளுங்க."

ஆர்வோ சமையலறை மேசையில் காபியோடு இருந்தான். "எடேன்."

"எடுக்கக்கூடாது."

"ஒரு நிமிஷம். யாருக்குத் தெரியப்போகுது?"

"கேட்டாங்கன்னா நான் சொல்லணும்டா" என்றாள் எல்மா. போன் அன்று இன்னும் மூன்று தரம் அடித்தது. திங்கட்கிழமை நடீனுக்குத் தெரிவித்தாள். பதிவை அழிக்காதீர்கள், திரும்பக் கூப்பிடாதீர்கள் என்று பதில் வந்தது. மறுநாள் நடீன் பதில் மனுவைத் தாக்கல் செய்தாள். அடுத்த ஞாயிறும் போன் அடித்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நின்றுவிட்டது.

விசாரணைவரை போகவில்லை. மே மாதம் ஒரு சமரச அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கடையை விற்றுப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. மேபல் விஷயத்தைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. அதற்குள்ளாகவே எல்மா சமரசத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். இனிப் போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதும், நடீன் எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசிவிட்டு வந்து தலையாட்டினாள்.

அன்று மாலையே போனாள். அறையில் கிரெய்க் இருந்தான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"குளிர்காலம் முழுக்க உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றான். "இப்ப யாரையும் கேக்குறதில்ல."

நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனான். பெர்னிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கொஞ்சநேரம் கழித்துக் கண் விழித்து, "தண்ணி" என்றாள். எல்மா தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். பெர்னிஸ் அவளையே பார்த்தபடி குடித்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று எல்மாவால் சொல்ல முடியவில்லை.