மறுத்தார் என்ற கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவமனையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண், குறைந்தபட்ச வருமானத் திட்ட அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக மனுக்கள் பார்க்கும் அதிகாரி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "எழுதறதா இருந்தா என்னை நல்லவளா எழுதாதீங்க." அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: 'வறுமை என்பது ஒரு...' (அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாவது: 'சட்டத்தின் முதல் பிரிவு, யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் பிரிவு, கொடுத்த வேலையை மறுப்பவருக்கு மூன்று மாதம் உதவி கிடையாது என்கிறது. முதல் பிரிவின் கண்ணுக்கு மனிதன் ஒரு வயிறு. ஒன்பதாம் பிரிவுக்கு இரண்டு கை.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளைக் காணோம். கூப்பிடுகிறேன்.

3

இஸ்திரிக்காரர் வந்து உட்கார்ந்தார். சலவை ஆலையில் இருபது வருடம் நீராவி இஸ்திரி போட்டவர்; ஆலை மூடியதும் திட்டத்தில் சேர்ந்தார். வீட்டில் அவரும் அக்காவும்தான். அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். மூன்றாம் மாடியிலிருந்து அவளைத் தாங்கி இறக்க இவரை விட்டால் ஆளில்லை.

அதிகாரி அவருக்கு ஒரு வேலை வைத்திருந்தார்: கிடங்கில் காவல், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை.

"வேலை வேணும் மேடம். மத்தியானத்துக்கு மேலன்னா இன்னிக்கே போயிடுவேன்."

கிடங்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. வரிசை வாசல்வரை நின்றது. திரையில் இரண்டே கட்டம்: ஏற்றார், மறுத்தார். இரண்டாவதைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

(இங்கே அவரைக் கல்நெஞ்சக்காரியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்புறம் தலைவலி ஒன்று கொடுத்தேன். அதையும் எடுத்துவிட்டேன். அன்று உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.)

4

இரண்டு வாரம் கழித்து இஸ்திரிக்காரர் மறுபடி வந்தார். கத்தப்போகிறார் என்று அதிகாரி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தயாரானார். அவர் நீட்டியதோ மேல்முறையீட்டுப் படிவம். வலது மணிக்கட்டு ஆலையில் வெந்துபோனதால் எழுத வராதாம். நிரப்பித் தர வேண்டுமாம். கட்டத்தைத் தட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

பெயர், முகவரியெல்லாம் எழுதியாயிற்று. 'முடிவில் நேர்ந்த தவறு' என்ற வரியில் பேனா நின்றது.

"என்ன போடட்டும்?"

"நீங்களே பார்த்துப் போடுங்க மேடம். உங்களுக்குத் தொந்தரவு வராம."

அதிகாரி எழுதி, வாசித்தும் காட்டினார்: 'மனுதாரர் வேலையை மறுக்கவில்லை, நேரம் மாற்றித் தரக் கேட்டார். அதிகாரி அதை விசாரிக்கவே இல்லை.'

கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி இஸ்திரிக்காரர் பதறிவிட்டார்.

"நடந்ததுதானே. இருக்கட்டும்."

அதிகாரி படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

5

முடிவு ஒன்று: நின்ற உதவி திரும்பக் கிடைக்கிறது. (ரொம்ப இனிக்கிறது.)

முடிவு இரண்டு: அதற்குள் அக்கா... (இதை முடிக்கக் கை வரவில்லை.)

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவு. அதிகாரியிடம் விளக்கம் கேட்டார்கள். வேறு கிளைக்கு மாற்றினார்கள். மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். பசிக்கு நிபந்தனை போடக் கூடாது என்றார் ஒருவர். இவருக்கு நேரம் மாற்றினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள், யாரைத்தான் வேலைக்கு அனுப்புவது என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதையும் தூக்கி எறிய என்னால் முடியவில்லை. மூன்றாமவர் அன்று வரவில்லை.

குழுவில் அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள், இந்த வழக்கின் கோப்பைத்தான் இப்போது படித்து முடித்தீர்கள். இஸ்திரிக்காரர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். பதினொன்றரைக்கு அவர் அக்காவை அழைத்துவரக் கிளம்ப வேண்டும், அதனால் கொஞ்சம் சீக்கிரம்.