ஓரகத்தி போட வேண்டிய கையெழுத்து

ஓரகத்தி சின்னவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டாலே தையல்காரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். போன மாதம்வரை முட்டியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி முனகியவள்தானே! ஆபரேஷன் ஆயிற்று. காப்பீடு ஒரு பங்கு கொடுத்தது. கைக்காசு போட்டுக் கட்டவேண்டிய மிச்சத்தை அரசாங்கமே கட்டிவிட்டது. வருமானம் குறைந்த வீடுகளுக்கு அப்படி ஓர் உதவி. இப்போது மகாராணி நடந்து நடந்து காட்டுகிறாள்.

தையல்காரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் சட்டைக்குக் கழுத்து வெட்டப் போய்த் தோளை வெட்டிவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இனியும் தள்ளிப்போட்டால் தையலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கும் அதே காப்பீடுதான், ஆனால் மிச்சத்துக்கு உதவி கிடையாது. ஏன் என்று கேளுங்கள்.

அந்த உதவிக்கு மனு எழுதிய அன்று ஓரகத்திகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இவள் அண்ணன் பெண்டாட்டி, அவள் தம்பி பெண்டாட்டி. சின்னவளின் கண் இவள் தாளிலேயே மேய்ந்தது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற அவளைவிடக் குறைத்தா எழுதுவது? மாத வருமானத்தை இரண்டு மடங்காக எழுதி, தாளை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பியும் வைத்தாள் புண்ணியவதி. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பதில் வந்துவிட்டது.

"திருத்தலாம்மா," என்றார் மனு வாங்கும் ஆபீஸ் குமாஸ்தா. "தனி அடுப்பு வச்சுத் தனிக்குடித்தனம் இருக்கிற சொந்தக்காரங்க யாராவது நேர்ல வந்து, இதுதான் உண்மைன்னு கையெழுத்துப் போடணும்."

இந்த ஊரில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

தையல்காரி மூன்று நாள் வீம்பு பிடித்தாள். நாலாம் நாள் ஊசி விரலில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்குப் போய், கூட ஆபீசுக்கு வரச் சொன்னாள்.

"எதுக்குக்கா?"

"வா, சொல்றேன்."

ஆபீசில் குமாஸ்தா திருத்திய வருமானத்தை உரக்கப் படித்தார். சின்னவள் வெடுக்கென்று இவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இவ்வளவுதானா? எங்களைவிடக் கம்மியா? அப்புறம் எதுக்கு என் பிள்ளைங்க சட்டைக்கு நான் காசு நீட்டினப்பல்லாம் போடின்னு தள்ளினீங்க?"

அவள் குரல் உடைந்தது. சிரித்திருந்தால் தையல்காரி பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். இதற்கு என்ன கொடுப்பது?

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. முதல்ல கையெழுத்தைப் போடு, இங்க," என்று விரலை ஊன்றிக் காட்டினாள்.

பேனா கீறும் சத்தம் அவள் விரலைவிட்டு ஒரு சாண் தள்ளிக் கேட்டது. குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் விரல் வெறும் மேஜைமேல் இருந்தது. சின்னவள் தானே இடம் பார்த்துப் போட்டு, யாருக்கும் தெரியாதபடி தாளை மெல்ல இழுத்து அந்த விரலுக்கு அடியில் வைத்தாள்.

முட்டியும் உதவியும் தொலையட்டும், இந்த நல்ல மனசையும் கடவுள் இவளுக்கேதான் கொடுக்க வேண்டுமா என்று தையல்காரிக்குப் பொறுக்கவே இல்லை.