இடுப்பில் இருந்த ஆள்

உலகத்தில் வீடு, வாசல், முகவரி எதுவும் இல்லாமல் மனிதர்கள் நடந்து நடந்தே பரவிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ ஒருவர் ஓர் ஏரிக்கரைச் சேற்றைக் கடந்து வடக்கே போயிருக்கிறார். ஏரி வற்றிவிட்டது, சேறு கல்லாகிவிட்டது, காலடிகள் மட்டும் அப்படியே கிடந்தன. போனவர் திரும்பி வந்து விளக்கம் சொல்லியிருந்தால் தொல்லியல் துறையில் இவ்வளவு மனஸ்தாபம் வந்திருக்காது.

சண்டை இடதுகாலைப் பற்றியது. தடம் முழுக்க அந்தக் கால் மட்டும் ஆழமாகப் பதிந்து, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த ஆள் கால் விந்தி நடப்பவர் என்றார் பேராசிரியர். இடுப்பில் பிள்ளை இருந்தது, நடந்தது ஒரு தாய் என்றாள் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவி. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். பேராசிரியர் தான் பிடித்த ஆளுக்கு ஒன்றரைக் கால்தான் கொடுத்தார். அதற்குள் ஓவியரை வைத்துப் படமும் வரைந்தாகிவிட்டது: தாடி, ஊன்றுகோல், தொலைநோக்குப் பார்வை. தாடியில் பேராசிரியரின் சாயல் நன்றாகவே தெரிந்தது. துறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை கருத்தரங்கில் அவர் பேச வேண்டும். பேசினால் அச்சில் வரும், அச்சில் வந்தால் பாடப்புத்தகத்துக்குப் போகும். பாடப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்தவரை இறக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது. இடுப்பில் இருந்த பிள்ளை அப்புறம் எந்தக் காலத்திலும் வெளியே வராது.

"சாயங்காலத்துக்குள்ள நிரூபிச்சுக் காட்டு, தலைப்பையே மாத்திக்கிறேன்" என்றிருந்தார் அவர்.

துறைக்குப் பின்னால் இருந்த சைக்கிள் கொட்டகையில், செங்கல் சூளையிலிருந்து வந்த களிமண்ணைக் குழைத்து நீளப் பாத்தியாகப் பரப்பி வைத்திருந்தாள் மாணவி. முதலில் மணல்மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். இடதுகால் ஆழமாகப் பதிந்தது. ஆனால் பழைய தடத்தில் அங்கங்கே குதிகால் வழுக்கியிருந்தது. ஓரிடத்தில் இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. மூட்டை நடையில் இரண்டுமே இல்லை.

"பாத்தியா?" என்றார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர்.

"மூட்டை அடம் பிடிக்காது சார். அடம் பிடிக்கிற ஒண்ணு வேணும்."

அது கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. மாணவியின் கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வேலைக்கு நடுவே மகளைக் கூட்டிவந்திருந்தான். இரண்டு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், காரணம் கேட்பவர்கள் அவளைப் பார்த்ததில்லை.

மாணவி மகளை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். நாலடியில் வாலு சேறு வேண்டும் என்று கீழே தொங்கினாள். குதிகால் வழுக்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளி, நழுவிய பிள்ளையை ஏற்றி உட்காரவைக்க இரண்டு காலும் சேர்த்து நின்றாள். பழைய தடத்தின் அச்சுவார்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உரித்து வைத்ததுபோல இருந்தது.

பேராசிரியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிதானமாக அளந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடந்தது யாரு? நீ. உனக்கு என்ன வேணும்னு உன் காலுக்கு நல்லாத் தெரியும்."

நியாயமான பேச்சு. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நீ நட" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் நீ சொல்றதை நம்புறவன்மா. நம்பாம அந்த வீட்ல காலந்தள்ள முடியுமா? என் காலும் செல்லாது."

"நம்பாத கால் வேணும்" என்றாள் அவள்.

கொட்டகையில் அப்படி ஒரு ஜோடிதான் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் பேராசிரியர். "என் பிள்ளைங்களையே நான் தூக்கி வளத்ததில்லம்மா."

"பரவால்ல சார், இவளே ஏறிக்குவா. செல்லம், தாத்தாகிட்ட போ."

"மாமானு சொல்லும்மா."

காலுறையைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, வாலுவை இடது இடுப்பில் வாங்கிக்கொண்டு இறங்கினார். நேராகத்தான் நடப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. முதல் சில அடிகள் அளவுகோல் வைத்த மாதிரி விழுந்தன. அப்புறம் வாலு அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துவிட்டாள்.

"ஏய், அதை விடு. கழுதை, விடுடி."

ஒரு கை கண்ணாடிக்குப் போக, பிள்ளை நழுவ, இடுப்பு அவரைக் கேட்காமலே இடப்பக்கம் ஒதுங்கிக் கொடுத்தது. குதிகால் வழுக்கியது. நடுவில் இரண்டு காலையும் சேர்த்து நின்று, வாலுவை மேலே ஏற்றிக்கொண்டார். கடைசிவரை போய்த் திரும்பிப் பார்த்தார். இடதுகால் ஆழமாக, வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

"சார், உங்களுக்குக் கால்ல ஏதாவது?" என்று கேட்டான் கணவன்.

"ஒண்ணும் இல்ல."

தன் தடத்தின் ஓரமாகவே ஒவ்வோர் அடியாகப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு, "ஆனா தாயும் இல்லம்மா" என்றார்.

"என்ன சார்?"

"இது என் கால். அதே மாதிரிதானே விழுந்திருக்கு? இதை வெச்சு அம்மானு எப்படிச் சொல்லுவ?"

மாணவி குனிந்து பார்த்தாள். மாதக்கணக்கில் அவள் மனதில் நடந்துகொண்டிருந்த அந்தத் தாய், களிமண்ணில் இறங்கிக் காணாமல் போனாள். விட்டுக்கொடுக்க வலித்தது. ஆனால் அளவு அளவுதான்.

"சொல்ல முடியாது சார். அம்மாவோ அப்பனோ சித்தப்பனோ. ஆள் யாருனு தெரியாது."

"பிள்ளை இருந்துச்சு" என்றார் அவர்.

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் மண் குழைத்தாள். அளவு நாடாவைச் சுற்றினாள். பிறகு மறுபடி பிரித்தாள்.

"ஒரு நடை போதாது சார். நாளைக்கு யாராவது எழுந்து கேப்பாங்க."

"கேப்பாங்க. நானே கேப்பேன். மண்ணு ஈரமா இருக்கா?"

"இருக்கு. ஆனா அவ தூங்கிட்டா."

வாலு அவர் தோளில் எச்சில் வடிய உறங்கியிருந்தாள். தூங்கும் பிள்ளைக்குத் தனிக் கனம். பேராசிரியர் அதை அப்போதுதான் கண்டுபிடித்த முகத்தோடு நின்றார்.

"அவ்வளவு தூரம் போனவங்க, தூங்கின பிள்ளையையும் தூக்கிட்டுத்தானே போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பாத்தியில் இன்னும் கால் படாத பக்கம் இறங்கினார். பாதி வழியில் கை மரத்துப்போனது. கணவன் ஓரமாக ஓடிப்போய்க் கையை நீட்டினான்.

"கிட்ட வராதீங்க" என்றார் பேராசிரியர், பல்லைக் கடித்துக்கொண்டு. "தடம் கெட்டுடும்."

அடுத்த அடியை எடுத்து வைத்தார்.