பெட்டிக்குள் சேர்ந்த சதுரங்கள்

எங்களுக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. பிரசவம் வரை கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுத் தரை சிமெண்ட். கால் வைத்தால் சில்லென்று இருக்கும். பிள்ளை தவழ ஒரு விரிப்பு வேண்டும் என்று என் மனைவி நூல் பின்னும் குரோஷா ஊசியை எடுத்தாள். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றிக் கம்பளி நூலில் நாலு சுற்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வரும். அப்படி நிறையப் போட்டு ஒன்றோடு ஒன்று கோத்தால் விரிப்பு.

நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். சாயங்காலம் விரல் மடங்காது. ஆனாலும் சும்மா உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதற்கு இது தேவலை என்று நானும் ஓர் ஊசி எடுத்தேன்.

"மூட்டை தூக்குற கையில மாட்டிக்கிச்சே, நூல் பாவங்க" என்று சிரித்தாள்.

முடித்ததைக் கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப் பெட்டியில் போடுவோம். எண்ண மாட்டோம். முன்பு இரண்டு தடவையும் நாளை எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைமேல் பட்ட கண் எங்கள் கண்தான் என்பது அவள் நினைப்பு. அதனால் இந்தத் தடவை எதையும் எண்ணுவதில்லை.

பெட்டி சீக்கிரம் நிறைந்தது. நான் வேலைக்குப் போனபின் அவள் அசராமல் போடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் தூங்கினபின் நான் போடுகிறேன் என்று அவள் நினைத்தாள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கேட்டால் எண்ணின மாதிரி ஆகிவிடுமே.

ஆறாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோத்துக் கொடுக்க அவள் அக்கா வந்தார். கல்யாணத்துக்குப் பின் எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. பெட்டியைக் கவிழ்த்தார். பிரித்து வைத்துக்கொண்டே வந்தவர் கை நின்றது.

"மாப்ள, கோணலா இருக்கறது உங்களது. ஒழுங்கா இருக்கறது இவளது. இந்த இடது கைக்காரங்க யாரு?"

"இடது கையா? யாரும் இல்லையே."

"நல்ல பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வலது கையில போட்டா சுத்து இப்படிப் போகும். இதுங்க எல்லாம் எதிர்ப்பக்கம் போகுது. பாதிப் பெட்டி இதுதான்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நான் போடவில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம்.

"அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டேன்டி" என்று அக்கா எழுந்தார். அவர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"அதுங்க எல்லாத்தையும் அவுத்துடறேன்" என்றேன்.

"வேணாங்க. யாரு போட்டா என்ன, நம்ம புள்ளைக்குத்தானே போட்டிருக்காங்க."

"யாருன்னே தெரியாம புள்ளைய அதுமேல விடச் சொல்றியா?"

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். யாரோ இப்போதுதான் கையிலிருந்து வைத்த மாதிரி அது வெதுவெதுப்பாக இருந்தது. வெளிச்சுற்று சரசரவென்று கழன்றது.

"ஏங்க!"

சதுரத்தோடு ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். "உள்ள யாரோ இழுக்கறாங்க."

நூலை இழுத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அவள் மூச்சு சீரானது. பாழும் மனசு, நம்பவில்லை. இன்னும் ஒரு விரற்கடை இழுத்தேன். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கட்டிலடியிலேயே உட்கார்ந்து, அவிழ்த்ததைத் திரும்பப் போட ஆரம்பித்தேன். போடப் போட வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கண்ணிகூட நிற்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முனகினாள். வேறு வழி தெரியாமல் ஊசியை இடது கைக்கு மாற்றினேன். அந்தக் கையால் நான் சோறுகூட எடுத்து வைத்ததில்லை. காலமெல்லாம் பழகினது போல அது ஓடியது. நான் வேடிக்கைதான் பார்த்தேன்.

சதுரம் முடிந்தது. அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "உதைக்குதுங்க" என்று என் தோளைத் தொட்டாள். "நல்லா உதைக்குது."

ஊசியைக் கீழே வைக்கப் பார்த்தேன். தோளில் இருந்த அவள் விரல்கள் இறுகின.

"வெச்சுடாதீங்க. நீங்க ஊசிய வெக்கப் போனா உதையும் நின்னுடுது."

என் இடது கை அதற்குள் அடுத்த சதுரத்தின் வளையத்தைப் போட்டிருந்தது.